கிராந்தி என்றால் என்ன? ராசிக் கட்டம் காட்டாத வடக்கு தெற்குக் கணக்கு

இப்போது போனில் ஜாதகம் போடுவது எல்லார் வீட்டிலும் நடக்கிறது. பிறந்த தேதி, நேரம், ஊர் மூன்றையும் தட்டினால் ராசிக் கட்டம், நவாம்சம், தசா புத்தி எல்லாம் வந்துவிடும். சில செயலிகளில் கடைசியில் ‘டெக்லினேஷன்’ என்று இன்னொரு பட்டியலும் வரும், ஒவ்வொரு கிரகத்துக்கும் நேரே ஓர் எண், அதற்கு முன்னால் கூட்டல் குறியோ கழித்தல் குறியோ. அந்தக் கழித்தல் குறியைப் பார்த்துத்தான் பலர் பயந்துபோகிறார்கள். மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட்டில் வெள்ளிக்கிழமை பூஜை முடிந்து கோவில் மண்டபத்தில் உட்கார்ந்து பேசும்போதும் சரி, வாட்சப்பில் சுற்றும் குரல் பதிவுகளிலும் சரி, “கழித்தல் வந்தால் கிரகம் பலவீனம்”, “சந்திரன் எல்லை தாண்டிட்டாரு, பிள்ளை அடங்காது, பரிகாரம் செய்யணும்” என்கிற மாதிரிப் பேச்சு நிறைய. இதில் பாதி, கணக்கே தப்பு. மீதி, கணக்கு என்னவென்று பார்க்காமல் சொன்ன பலன். கைக்குழந்தையை வைத்துக்கொண்டு ஒரு தாய் இதை நினைத்துத் தூக்கம் கெடுவது எனக்குத் தாங்கவில்லை, அதனால் அடியிலிருந்து சொல்கிறேன். கணிதம் தெரியாதவர்களும் படிக்கலாம்.

பெரிய சாலையும் தோட்டத்துச் சாலையும்

ஈப்போவிலிருந்து கோலகங்சார் போகும் பெரிய சாலையை எடுத்துக்கொள்ளுங்கள். அது நேர் கிழக்கு மேற்காக ஓடுகிறது என்று இந்தக் கணக்குக்காக வைத்துக்கொள்வோம். தோட்டத்துச் செம்மண் சாலை ஒன்று அதைக் குறுக்கே வெட்டி வடக்கே ஏறுகிறது, கொஞ்ச தூரம் போனதும் வளைந்து திரும்பி மறுபடி பெரிய சாலையை வெட்டித் தெற்கே இறங்குகிறது, அங்கேயும் அதே அளவு போய்த் திரும்புகிறது.

செம்பனைக் குலை ஏற்றிய லாரி ஒன்று அந்தச் செம்மண் சாலையில் போகிறது. லாரி எங்கே என்று கிராணி (தோட்டத்துக் கணக்கர்) கேட்டால் இரண்டு விதமாகப் பதில் சொல்லலாம். “ஏழாம் கட்டையில் (மைல்கல்லில்) நிக்குது” என்பது ஒன்று, அதாவது அந்தச் சாலை வழியாகவே எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பது. “பெரிய சாலையிலிருந்து ரெண்டு கட்டை வடக்கே நிக்குது” என்பது இன்னொன்று. இரண்டும் உண்மை, ஆனால் ஒன்றைச் சொன்னால் மற்றது தானாகத் தெரிந்துவிடாது. ஒரு லாரி ஏழாம் கட்டையிலும் இன்னொன்று பதினோராம் கட்டையிலும் நின்றாலும், முதல் லாரி ஏறும் வளைவிலும் அடுத்தது இறங்கும் வளைவிலும் இருந்தால், பெரிய சாலையிலிருந்து இரண்டும் ஒரே தூரத்தில் இருக்கலாம். அப்புறம், லாரி சில நேரம் சாலையை விட்டு மரங்களுக்கு நடுவே கொஞ்சம் இறங்கியும் நிற்கும். அதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

வானத்தில் அந்த இரண்டு கோடுகள்

பூமியின் நடுவே ஓடும் பூமத்திய ரேகையை அப்படியே வானத்துக்கு நீட்டினால் வருவது வான நடுக்கோடு. அதுதான் நம் பெரிய சாலை. ஒரு வருஷம் முழுக்கச் சூரியன் நட்சத்திரங்களுக்கு நடுவே நகர்வதாக நமக்குத் தெரியும் வழி சூரியப் பாதை, அதுதான் செம்மண் சாலை. பூமியின் அச்சு சாய்ந்திருப்பதால் இந்த இரண்டும் ஒன்றோடொன்று சுமார் 23.4 பாகை சாய்ந்து நிற்கின்றன. பழைய நூல்கள் இதை முழு எண்ணாக 24 பாகை என்று எடுத்துக்கொள்ளும்.

ராசிக் கட்டத்தில் நாம் பார்ப்பது ஸ்புடம், அதாவது கிரகம் சூரியப் பாதை வழியாக எத்தனை பாகை போயிருக்கிறது என்ற கணக்கு, கட்டை எண் மாதிரி. மேஷம் 16 பாகை, கடகம் 26 பாகை என்பதெல்லாம் இந்த வகை. கிரகம் வான நடுக்கோட்டிலிருந்து எத்தனை பாகை வடக்கே அல்லது தெற்கே இருக்கிறது என்பதுதான் கிராந்தி. செயலியில் டெக்லினேஷன் என்று வருவதும் இதேதான். கூட்டல் குறி என்றால் வடக்கு, கழித்தல் குறி என்றால் தெற்கு. பலவீனம், பாவம், நீசம் என்று எதையும் அந்தக் குறி சொல்லவில்லை, திசையை மட்டும் சொல்கிறது.

இதுவரை வந்ததைச் சுருக்கிச் சொன்னால், ஸ்புடம் பாதை வழியான தூரம், கிராந்தி நடுக்கோட்டிலிருந்து வடக்கு தெற்குத் தூரம். ராசிக் கட்டத்தில் முதலாவதுக்குத்தான் இடம் உண்டு, இரண்டாவதை அதில் வரைய வழியே இல்லை.

நம் ஊரில் கண்ணாலேயே பார்க்கலாம்

இது ஏதோ ஏட்டுக் கணக்கு என்று நினைக்க வேண்டாம். சுங்கை சிப்புட் பூமத்திய ரேகைக்கு வடக்கே சுமார் 4.8 பாகையில் இருக்கிறது. சூரியனின் கிராந்தியும் வடக்கு 4.8 ஆகும் நாளில் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வரும். அது வருஷத்துக்கு இரண்டு தடவை, ஏப்ரல் 1, 2ஐ ஒட்டியும் செப்டம்பர் 10, 11ஐ ஒட்டியும். அந்த நாளில் மதியம் ஒன்றேகால் மணி வாக்கில் பள்ளித் திடலில் ஒரு கம்பை நேராக நட்டால் நிழல் கம்பின் காலடிக்குள்ளேயே அடங்கிவிடும். பன்னிரண்டு மணிக்கு ஏன் இல்லை என்று பிள்ளைகள் கேட்பார்கள். நம் கடிகாரம் ஓடுவது நமக்குக் கிழக்கே வெகு தூரத்தில் இருக்கும் 120 பாகைத் தீர்க்கரேகைக்கு ஏற்ப, நாமோ 101 பாகையில் இருக்கிறோம், அதனால் நம் உச்சி வேளை ஒரு மணி நேரத்துக்கு மேல் தள்ளி வருகிறது.

ஜூன் 21 வாக்கில் சூரியனின் கிராந்தி வடக்கு 23.4 ஆகிறது. அப்போது உச்சி வெயில் நமக்கு வடக்கிலிருந்து வரும், நிழல் தெற்கே விழும். டிசம்பர் 21, 22 வாக்கில் தெற்கு 23.4. அப்போது எல்லாம் தலைகீழ், வெயில் தெற்குப் பக்கத்து ஜன்னலில். வருஷம் முழுக்கக் காலையில் ஒரே இடத்தில் நின்று சூரியன் எந்த மரத்துக்குப் பின்னால் எழுகிறது என்று கவனித்தவர்களுக்கு, பால்மரம் (ரப்பர்) வெட்டிய நம் பெரியவர்களைப் போல, இது எப்போதோ தெரியும். உதிக்கும் இடம் நேர்கிழக்கிலிருந்து வடக்கே ஏறத்தாழ 23 பாகையும் தெற்கே அதே அளவும் ஊசலாடும். அந்த ஊசலாட்டம்தான் சூரியனின் கிராந்தி.

எதை எதோடு குழப்பிக்கொள்கிறோம்

முதலில் உச்சம், அதாவது கிரகம் மிகுந்த வலு பெறுவதாக ஜோதிடம் சொல்லும் இடம். உச்சம் என்றால் வானத்தில் மேலே போவது, நீசம் என்றால் கீழே இறங்குவது, கிராந்திதான் அதைக் காட்டுகிறது என்று ஒரு பேச்சு இருக்கிறது. சூரியனையே எடுத்துப் பாருங்கள். அது மேஷம் 10 பாகையில் பரம உச்சம். ஏப்ரல் 23, 24 தேதிகளில் அந்த இடத்துக்கு வரும்போது அதன் கிராந்தி வடக்கு 13 பாகை அளவுதான். சூரியன் வடக்கின் கடைசி எல்லைக்குப் போவது மிதுனத்தில், ஏறத்தாழ 6 பாகையில். உச்சம் ஒரு கணக்கு, கிராந்தி வேறு கணக்கு.

அடுத்தது உத்தராயணம். தைப்பொங்கல் அன்று சூரியன் வடக்கே திரும்புகிறது என்று எல்லாரும் சொல்கிறோம். கிராந்திப்படி பார்த்தால் திரும்பியது டிசம்பர் 21, 22லேயே. பொங்கலன்று சூரியன் தெற்கு 21.3 பாகைக்கு வந்திருக்கும், அதாவது கடைசி எல்லையிலிருந்து இரண்டு பாகை ஏற்கெனவே வடக்கே நகர்ந்திருக்கும். இந்த மூன்று வார இடைவெளிக்குக் காரணம் அயனாம்சம். நாம் ராசியை நட்சத்திரங்களை வைத்து அளக்கிறோம், பருவ காலமோ சூரியப் பாதை நடுக்கோட்டை வெட்டும் புள்ளியிலிருந்து தொடங்குகிறது. இரண்டு தொடக்கங்களும் இப்போது சுமார் 24 பாகை விலகிவிட்டன, அந்த விலகல்தான் அயனாம்சம். பொங்கலின் அருமை இதனால் ஒரு துளியும் குறையவில்லை. மகர ராசியில் சூரியன் நுழைவது அன்றுதான், அது நட்சத்திரக் கணக்கு.

இங்கே எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. எந்த அயனாம்சம் சரி என்று ஜோதிடர்கள் எவ்வளவோ காலமாக வாதாடுகிறார்கள். கிராந்திக்கு அந்த வழக்கே கிடையாது. நிராயணம் (ராசியை நட்சத்திரத்திலிருந்து எண்ணுவது) பார்ப்பவரும் சாயனம் (பாதை நடுக்கோட்டை வெட்டும் புள்ளியிலிருந்து எண்ணுவது) பார்ப்பவரும் ஒரே நேரத்துக்குக் கிரகத்தின் கிராந்தியைச் சரியாகக் கணித்தால் ஒரே எண்தான் வரும், ஏனென்றால் நடுக்கோட்டிலிருந்து கிரகம் இருக்கும் தூரம் நாம் ராசியை எங்கிருந்து எண்ணத் தொடங்குகிறோம் என்பதைப் பொறுத்தது இல்லை.

மூன்றாவது குழப்பம் விட்சேபம். சாலையை விட்டு மரங்களுக்கு நடுவே இறங்கி நிற்கும் லாரி ஞாபகம் இருக்கிறதா? கிரகம் சூரியப் பாதையை விட்டு எவ்வளவு விலகி நிற்கிறது என்பதுதான் விட்சேபம். சூரியனுக்கு இது எப்போதும் பூஜ்யம் என்றே கொள்ளலாம், பாதையே அதனுடையதாயிற்றே. சந்திரன் 5 பாகை அளவு விலகும். கிராந்தியை அளப்பது நடுக்கோட்டிலிருந்து, விட்சேபத்தை அளப்பது சூரியப் பாதையிலிருந்து. சில செயலிகள் இரண்டையும் பக்கத்துப் பக்கத்துக் கட்டத்தில் காட்டுவதால் ஒன்றைப் பார்த்து மற்றதற்குப் பலன் சொல்லிவிடுகிறார்கள். 23 பாகையைத் தாண்டிய எண் ஏதாவது பட்டியலில் இருந்தால் அது கிராந்திப் பட்டியல்தான் என்று தெரிந்துகொள்ளலாம், நவகிரகங்களின் விட்சேபம் அவ்வளவு தூரம் போகாது.

ஒரே கட்டத்தில் இருந்தால் சேர்ந்துதான் இருக்கின்றனவா?

அமாவாசையை யோசித்துப் பாருங்கள். சூரியனும் சந்திரனும் ஒரே ராசி, ஒரே பாகை, ஒரே கலை (பாகையில் அறுபதில் ஒரு பங்கு). அப்படியானால் ஒவ்வோர் அமாவாசைக்கும் சூரிய கிரகணம் வந்திருக்க வேண்டும், வருவதில்லை. சந்திரன் பெரும்பாலான அமாவாசைகளில் சூரியனுக்குச் சற்று வடக்கே அல்லது தெற்கே தள்ளிப் போய்விடுகிறது. ஸ்புடமும் பொருந்தி வடக்கு தெற்கு விலகலும் இல்லாமல் போகும்போதுதான், அதாவது சந்திரன் பாதை சூரியப் பாதையை வெட்டும் ராகு கேதுப் புள்ளிக்கு அருகில், கிரகணம். கட்டத்தில் ‘சேர்க்கை’ என்று நாம் எழுதுவது வானத்தில் முழுச் சேர்க்கையாக இருக்க வேண்டியதில்லை.

இதன் மறுபக்கம் இன்னும் சுவையானது. சூரியன் மேஷம் 16 பாகையில், செவ்வாய் கடகம் 26 பாகையில் என்று வைத்துக்கொள்வோம், செவ்வாய்க்கு விட்சேபம் ஏதும் இல்லை என்றும் கொள்வோம். கட்டத்தில் இரண்டும் வெகு தூரம். ஆனால் இரண்டின் கிராந்தியும் வடக்கு 14.8 பாகைதான், ஏறும் வளைவில் ஒன்று, இறங்கும் வளைவில் ஒன்று. மேற்கத்திய ஜோதிடர்கள் இதைப் ‘பேரலல்’ என்று சொல்லி, இரண்டு கிரகங்களும் சேர்ந்து நிற்பதற்குச் சமமாகப் பலன் எடுக்கிறார்கள். ஒன்று வடக்கே 15, மற்றது தெற்கே 15 என்று எதிரெதிரே நின்றால் ‘கான்ட்ரா பேரலல்’, அதை நேர்ப் பார்வை போலக் கொள்கிறார்கள். இரண்டிலும் ஒரு பாகை வரைதான் விட்டுக்கொடுப்பார்கள்.

இது வெள்ளைக்காரர்கள் கண்டுபிடித்த புதுச் சரக்கு என்று சொல்பவர்களும் உண்டு, அவர்கள் சூரிய சித்தாந்தத்தின் 11ஆம் அத்தியாயத்தைப் பார்க்க வேண்டும். அந்த அத்தியாயம் முழுக்க சூரியனும் சந்திரனும் கிராந்தியில் சமமாகும் நேரத்தைக் கண்டுபிடிக்கும் கணக்குதான். இருவரும் வெவ்வேறு அயனத்தில், அதாவது ஒருவர் வடக்கே ஏறும்போது மற்றவர் தெற்கே இறங்கும்போது, சம கிராந்திக்கு வந்தால் அது வியதீபாதம். ஒரே அயனத்தில் இருந்து சமமானால் வைதிருதி. அந்த நேரங்களைச் சுப காரியத்துக்கு விலக்கிவைத்து, நீராடல், தானம், ஜபத்துக்கு உகந்ததாகச் சொன்னார்கள். பஞ்சாங்கத்தில் தினமும் போடும் 27 யோகங்களிலும் இதே பெயர்கள் இரண்டு வரும், ஆனால் அவை சூரிய சந்திர ஸ்புடங்களைக் கூட்டி வருபவை, கிராந்தியை அளந்து வருபவை இல்லை.

மறுபடி ஒரு வரி: கட்டத்தில் சேர்ந்திருப்பவை வானத்தில் விலகி இருக்கலாம், கட்டத்தில் விலகி இருப்பவை கிராந்தியில் சமமாக இருக்கலாம். இதைத் தெரிந்துகொள்வதற்காகத்தான் இந்த இரண்டாவது எண்.

நம் முறையில் இதற்கு எங்கே இடம்: அயன பலம்

கிரகத்தின் வலுவை ஆறு வகையாக அளக்கும் ஷட்பலத்தில் கால பலம் என்பது ஒன்று, அதற்குள் ஒரு பகுதி அயன பலம். அது முழுக்க முழுக்கக் கிராந்தியை வைத்து வருவது. சூரியன், செவ்வாய், குரு, சுக்கிரன் நால்வருக்கும் வடக்குக் கிராந்தி வலு கூட்டும். சந்திரனுக்கும் சனிக்கும் தெற்குக் கிராந்தி வலு கூட்டும். புதனுக்கு எந்தப் பக்கம் இருந்தாலும் கூட்டல்தான்.

கணக்கு எளிது. வலு கூட்டும் பக்கம் இருந்தால் 24உடன் கிராந்தியைக் கூட்ட வேண்டும், எதிர்ப் பக்கம் என்றால் கழிக்க வேண்டும். வந்ததை 48ஆல் வகுத்து 60ஆல் பெருக்கினால் பலம். முழு மதிப்பெண் 60, சூரியனுக்கு மட்டும் அதை இரட்டிப்பாக்குவார்கள். சனி தெற்கு 20 பாகையில் இருந்தால் 24உம் 20உம் 44, பலம் 55. அதே சனி வடக்கு 20இல் இருந்தால் மிஞ்சுவது 4, பலம் 5. கழித்தல் குறி வந்தால் கிரகம் பலவீனம் என்று சொன்ன அந்தக் குரல் பதிவை இப்போது நினைத்துப் பாருங்கள். சனிக்குக் கழித்தல் குறிதான் பலம்! 2020 முதல் 2022 வரை சனி மகரத்தில் இருந்தபோது பிறந்த பிள்ளைகளுக்கெல்லாம் சனியின் கிராந்தி கழித்தலில்தான் வரும், அவர்களுடைய சனிக்கு அயன பலம் நன்றாகவே இருக்கும்.

இதை வைத்து மட்டும் யாரும் பலன் சொல்லக் கூடாது. ஆறு பலத்தில் ஒன்றின் ஒரு கிளை இது.

எல்லை தாண்டிய சந்திரன்

சூரியன் 23.4 பாகைக்கு மேல் வடக்கேயும் போகாது, தெற்கேயும் போகாது. மற்ற கிரகங்கள் சூரியப் பாதையை விட்டுச் சற்று விலகும் என்று பார்த்தோமே, அதனால் சில சமயம் அவை அந்த அளவையும் தாண்டும். சந்திரன், புதன், சுக்கிரன், செவ்வாய்க்கு இது சாதாரணமாக நடக்கும். இதைத்தான் ‘அவுட் ஆஃப் பவுண்ட்ஸ்’ என்று மேற்கத்திய முறையில் சொல்கிறார்கள், கட்டுக்கு அடங்காத தன்மை, தனி வழி, அசாதாரணத் திறமை என்றெல்லாம் பலன் சொல்கிறார்கள். நம் பாரம்பரிய நூல்களின் அடிப்படைப் பலன் விதிகளில் இதற்கென்று தோஷமோ பரிகாரமோ கிடையாது.

எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான், ஏனென்றால் பயமுறுத்துவது பெரும்பாலும் சந்திரனை வைத்துத்தான். சந்திரனின் பாதை சூரியப் பாதைக்கு 5 பாகை சாய்ந்தது, அந்தச் சாய்வு எந்தப் பக்கம் என்பது ராகு கேதுவோடு சேர்ந்து 18.6 வருஷத்தில் ஒரு சுற்று சுற்றுகிறது. சுற்றின் ஒரு முனையில் இரண்டு சாய்வும் கூடி, சந்திரன் மாதம் ஒரு தடவை வடக்கே 28.5 பாகை வரையும், இன்னொரு தடவை தெற்கே அதே அளவும் போகும். மறுமுனையில் சாய்வு கழிந்து, சந்திரன் 18.5 பாகையைத் தாண்டுவதே அபூர்வம். முதல் முனை 2024, 2025இல் வந்தது, ராகு மீனத்தில் இருந்த காலம். மறுமுனை 2015ஐ ஒட்டி இருந்தது.

இதன் அர்த்தம் என்ன? 2024, 2025இல் பிறந்த குழந்தைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக்குச் சந்திரன் ‘எல்லை தாண்டி’த்தான் இருக்கும், ஏனென்றால் ஒவ்வொரு மாதமும் சந்திரன் கிட்டத்தட்ட பத்து நாள் அங்கேதான் இருந்தது. அதே வீட்டில் 2015இல் பிறந்த அக்காவுக்கு அது வந்திருக்கவே முடியாது, மாதத்தில் எந்த நாளில் பிறந்திருந்தாலும். இதைச் சாபம் மாதிரிச் சொல்லிக் காசு வாங்குவது நியாயமே இல்லை. கிராந்தி எத்தனை பாகை என்பது வானியல், அதை யாரும் சரிபார்க்கலாம். அதற்கு என்ன பலன் என்பது ஜோதிடர்கள் வழிவழியாகச் சொல்லும் விளக்கம், அதை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். யாராவது பலன் சொன்னால் முதலில் எண்ணைக் கேளுங்கள், அப்புறம் அது எந்த முறையின் விதி என்று கேளுங்கள்.

உங்கள் ஜாதகத்தில் பார்க்க

செயலியில் கிராந்திப் பட்டியலைத் திறந்து, முதலில் சூரியனின் எண்ணைப் பாருங்கள். பிறந்த தேதி மார்ச் 21க்கும் செப்டம்பர் 22க்கும் நடுவில் என்றால் அது கூட்டலில் இருக்க வேண்டும், மற்ற மாதங்களில் கழித்தலில். இது ஒத்துவரவில்லை என்றால் தேதியைத் தப்பாகக் கொடுத்திருக்கிறீர்கள் அல்லது வேறு பட்டியலைப் பார்க்கிறீர்கள். பிறகு ஒரே எண், ஒரு பாகைக்குள், இரண்டு கிரகங்களுக்கு வருகிறதா என்று பாருங்கள். பிறகு அயன பலம்.

பிறந்த ஊர் மாறினால் கிராந்தி மாறுமா என்று கேட்பார்கள். மாறாது. அதே நிமிஷத்தில் மதுரையில் பிறந்த குழந்தைக்கும் இங்கே பொது மருத்துவமனையில் பிறந்த குழந்தைக்கும் ஒரே பட்டியல்தான், ஜாதகத்துக்கான கணக்கு பூமியின் மையத்திலிருந்து எடுப்பது. லக்னம்தான் ஊருக்கு ஊர் மாறும்.

நேரம் விஷயத்தில் மட்டும் நம் நாட்டுக்காரர்கள் கவனமாக இருக்க வேண்டும். தீபகற்ப மலேசியாவில் 1982 ஜனவரி 1 முதல்தான் இப்போதைய நேரம், உலக நேரத்துக்கு 8 மணி முன்னே. அதற்கு முந்தைய வருஷங்களில் அது ஏழரை மணியாக இருந்தது. 1970களில் தோட்டத்து வைத்தியசாலையில் பிறந்த அம்மாவுக்கு எட்டு மணிக் கணக்கில் ஜாதகம் போட்டால் அரை மணி நேரம் பிசகும். கிராந்திப் பட்டியலில் அது பெரிதாகத் தெரியாது, வேகமாக ஓடும் சந்திரனே ஒரு நாளில் அதிகபட்சம் 6, 7 பாகைதான் வடக்கு தெற்காக நகரும், அரை மணியில் பத்தில் ஒரு பாகை அளவுக்குத்தான் மாறும். ஆனால் லக்னம் ஏழு பாகைக்கு மேல் தள்ளிப்போய்விடும், அது அடுத்த ராசிக்கே தாவவும் போதும். அதனால் செயலியில் ‘7:30’ என்ற தேர்வு இருக்கிறதா என்று பார்த்து, பழைய பிறப்புப் பத்திரத்தில் உள்ள நேரத்துக்கு அதைப் போட்டுக்கொள்ளுங்கள்.